தீ எங்கே என்று யார் படிக்கிறார்? எச்சரிக்கை அறிவிப்பானின் வரலாறு

தீவிபத்துகளைப் பற்றிய வரலாறு பெரும்பாலும் எரிந்தவற்றின் கணக்காகவே எழுதப்படுகிறது: எத்தனை உயிர்கள், எத்தனை தளங்கள், எத்தனை கோடி ரூபாய். அந்தக் கணக்கு தொடங்குவதற்கு முன் ஒரு சிறு கால இடைவெளி உண்டு. தீ பற்றியதை ஒரு கருவியோ ஒரு மனிதரோ முதலில் அறிந்த கணத்துக்கும், அதன்மேல் ஏதேனும் செய்யக்கூடிய ஒருவர் அது எங்கே என்று அறிந்த கணத்துக்கும் இடைப்பட்ட நேரம் அது. அந்த இடைவெளியைக் குறைப்பதற்காகவே உருவான ஒரு கருவியின் வரலாற்றை இங்கே சொல்ல முயல்கிறேன்.

அக்கருவியின் ஆங்கிலப் பெயர் அனன்சியேட்டர். நம் நாட்டில் கட்டடப் பராமரிப்புப் பணியாளர்களிடையே ரிப்பீட்டர் பேனல் என்ற பெயரே வழக்கில் உள்ளது. முதன்மை ஃபயர் அலாரம் பேனல் கட்டடத்தின் ஓரிடத்தில் இருக்க, அது காட்டும் செய்தியை நுழைவாயிலிலோ செவிலியர் அறையிலோ காவலர் மேசையருகிலோ மீண்டும் காட்டும் சிறு பெட்டி அது. இக்கட்டுரையில் அதை அறிவிப்பான் என்றே குறிப்பிடுகிறேன்.

இதன் முன்கதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நகரங்களில் தீ என்றால் தேவாலய மணி அடிக்கும். மணியோசை தீ உண்டு என்று சொல்லும். எந்தத் தெருவில் என்று சொல்லாது. வில்லியம் சானிங் என்பவர் மருத்துவம் பயின்றவர். மோசஸ் ஃபார்மர் என்ற பொறியாளருடன் சேர்ந்து அவர் வடிவமைத்த தந்தி வழித் தீ எச்சரிக்கை அமைப்பு 1852 ஏப்ரல் 28 அன்று பாஸ்டனில் இயங்கத் தொடங்கியது. தெருவோரப் பெட்டி ஒன்றின் பிடியைச் சுழற்றினால் அந்தப் பெட்டிக்குரிய எண், தந்திக் குறியாக மைய அலுவலகத்தை அடையும். அங்கிருக்கும் பணியாளர் அதைப் படித்து, உரிய வட்டாரத்தின் எண்ணை நகரெங்கும் உள்ள மணிகளில் ஒலிக்கச் செய்வார். செய்தி உள்ளே வரும் கம்பி ஒன்று, கட்டளை வெளியே போகும் கம்பி வேறு. மருத்துவரான சானிங் இதை மனித உடலின் நரம்பு மண்டலத்தோடு ஒப்பிட்டார். உணர்ச்சியைக் கொண்டுவரும் நரம்புக்கும் தசையை இயக்கும் நரம்புக்கும் இடையே மூளை இருப்பதுபோல, அவருடைய அமைப்பின் நடுவே குறியைப் படித்துப் பொருள் கொள்ளும் ஒரு மனிதர் இருந்தார். பின்னர் வந்த எல்லா வடிவங்களிலும் அந்த மனிதரின் இடம் தொடர்ந்து இருந்துவருகிறது. தொழில்நுட்ப வரலாறுகள் அவரைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகின்றன.

நகர அளவில் நடந்த இம்மாற்றம் விரைவிலேயே கட்டடங்களுக்குள்ளும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி விடுதிகளிலும் செல்வர் இல்லங்களிலும் பணியாளரை அழைக்க மின்மணிகள் இருந்தன. எந்த அறையிலிருந்து அழைப்பு வந்தது என்பதை அறிய, பணியாளர் அறையில் ஒரு மரப்பலகை மாட்டப்பட்டிருந்தது. அறைக்கு ஒன்றாகச் சிறு மடல்கள். பொத்தானை அழுத்தினால் ஒரு மின்காந்தம் கொக்கியை இழுக்கும், மடல் விழும், அறை எண் தெரியும். மணியோசை நின்ற பின்னும் விழுந்த மடல் விழுந்தபடியே இருக்கும். யாரேனும் வந்து பார்த்துக் கையால் மேலே தள்ளினால்தான் அது பழைய நிலைக்குத் திரும்பும். ஒலி மறைந்துவிடும் என்பதால் செய்தி நிலைத்து நிற்க வேண்டும் என்ற இக்கருத்து, இன்றைய அறிவிப்பானிலும் மாறாமல் இருக்கிறது. எச்சரிக்கை ஒருமுறை பதிவானால், புகை கலைந்துவிட்டாலும், ஒருவர் ‘ரீசெட்’ செய்யும்வரை சிவப்பு விளக்கு அணைவதில்லை.

செய்தி ஓரிடத்தை அடைந்தால் போதுமா என்ற கேள்விக்கு மிகக் கடுமையான விடையைத் தந்தது 1911 மார்ச் 25. நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்கூடம் ஒரு கட்டடத்தின் எட்டு, ஒன்பது, பத்தாம் தளங்களில் இயங்கியது. எட்டாம் தளத்தில் தீ பற்றியது. அங்கிருந்து நிர்வாகிகள் இருந்த பத்தாம் தளத்துக்குத் தொலைபேசியில் செய்தி போனது. அத்தளத்தில் இருந்தோர் ஏறத்தாழ அனைவரும் கூரை வழியாகத் தப்பினர். நடுவில் இருந்த ஒன்பதாம் தளத்துக்கு எவரும் சொல்லவில்லை. அங்கு தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்திருந்தோருக்குத் தீயே நேரில் வந்து செய்தி சொன்னது. இறந்த 146 பேரில் மிகப் பெரும்பாலோர் அத்தளத்துத் தொழிலாளர்கள். அவர்களில் பலர் இளம்பெண்கள். பூட்டப்பட்டிருந்த கதவைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. செய்தி எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்பதை நிறுவனத்தின் படிநிலையே தீர்மானித்தது என்பதும் அதே அளவு கவனத்துக்கு உரியது.

தீயைக் கண்டறியும் கருவிகள் இதற்கிடையே வேகமாக வளர்ந்தன. வெப்பத்தால் இயங்கும் மின் எச்சரிக்கைக் கருவிக்கு 1890இலேயே அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டிருந்தது. 1930களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் வால்டர் யேகர் நச்சுவாயுவை உணரும் கருவி ஒன்றை உருவாக்க முயன்றார். அது வாயுவை உணரவில்லை; அவர் பற்றவைத்த சிகரெட்டின் புகையை உணர்ந்தது. அயனியாக்கப் புகை உணர்கருவியின் தொடக்கம் அதுதான். உணரும் திறன் இப்படிப் பெருகப் பெருக, உணர்ந்ததை எங்கே, எந்த வடிவில் காட்டுவது என்ற சிக்கலும் கூடவே பெருகியது.

முதலில் கிடைத்த விடை மண்டல முறை. கட்டடத்தைப் பல மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரு கம்பிகள் கொண்ட ஒரு சுற்று அமைத்தார்கள். சுற்றின் கடைசியில் ஒரு மின்தடை இருக்கும். அதனூடாக எப்போதும் சிறிதளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். உணர்கருவி ஒன்று செயல்பட்டால் மின்னோட்டம் கூடும். பேனல் அதைத் தீ என்று கொள்ளும். கம்பி அறுந்தால் மின்னோட்டம் நின்றுவிடும். பேனல் அதைப் பழுது என்று கொள்ளும். ஒன்றும் நடக்காத நேரத்திலும் தன் கம்பி உயிரோடு இருக்கிறதா என்று அமைப்பு தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு எளிமையானது. ஆனால் மிகப் பெரிய முன்னேற்றம்.

இம்முறையில் தொலைவில் ஓர் அறிவிப்பான் வைக்க வேண்டுமானால் மண்டலத்துக்கு ஒரு கம்பியும் பொதுக்கம்பியும் இழுக்க வேண்டும். இருபது மண்டலங்கள் என்றால் இருபதுக்கு மேற்பட்ட கம்பிகள் கொண்ட தடித்த கேபிள். செலவு அதிகம் என்பதால் பல கட்டடங்களில் அறிவிப்பானே இல்லாமல் போனது. இருந்தாலும் ஒன்றோடு நின்றது. தகவல் எவ்வளவு தூரம் போகும் என்பதைச் செம்பின் விலை தீர்மானித்த காலம் அது.

1980களில் இந்நிலை மாறியது. ஒவ்வோர் உணர்கருவிக்கும் தனி முகவரி தரும் முறை பரவியது. பேனல் ஒவ்வொரு முகவரியாக நலம் கேட்டுக்கொண்டே சுற்றிவரும். 1983இல் வெளியான ஆர்.எஸ்.485 என்ற தரவுத் தொடர்பு வரையறை, பிற்கால அறிவிப்பான்கள் பலவற்றுக்கு அடிப்படையானது. இத்தகைய அறிவிப்பானுக்கு நான்கு கம்பிகள் போதும்: தரவுக்கு முறுக்கிய இணைக்கம்பி இரண்டு, 24 வோல்ட் மின்சாரத்துக்கு இரண்டு. பேனலிலிருந்து முதல் அறிவிப்பானுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகவே இணைக்க வேண்டும். மரக்கிளைபோல நடுவில் பிரித்தால் குறிகை எதிரொலித்துக் குழம்பும். தடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை வேண்டும். கேபிளின் உலோக உறையை ஒரு முனையில் மட்டுமே நிலத்தொடர்பு செய்வது வழக்கம். ஒவ்வோர் அறிவிப்பானுக்கும் தனி எண்ணைச் சிறு சுவிட்சுகளால் அமைக்க வேண்டும். இரண்டுக்கு ஒரே எண் வந்தால் தொடர்பு சிக்கிக்கொள்ளும். தூரம் கூடக் கூட மின்னழுத்தம் குறையும் என்பதால் கடைசிப் பெட்டியில் எத்தனை வோல்ட் மிஞ்சுகிறது என்று எச்சரிக்கை நிலையிலேயே அளந்து பார்க்க வேண்டும். தரவுத் தொடர்பு அறுந்தால் பேனல் பழுது என்று அறிவிக்கும். அறிவிப்பானும் தொடர்பு இல்லை என்று காட்ட வேண்டும். பழைய நல்ல செய்தியையே காட்டிக்கொண்டு நிற்கும் திரையைவிட ஆபத்தானது வேறில்லை.

இயக்குவதும் பார்வைக்கு எளிதுதான். பச்சை விளக்கு மின்சாரம் உண்டு என்பதற்கு, மஞ்சள் பழுதுக்கு, சிவப்பு தீக்கு. பொத்தான்கள் பெரும்பாலும் நான்கு: செய்தியைப் பார்த்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்வது, ஹூட்டரின் ஒலியை நிறுத்துவது, ரீசெட் செய்வது, விளக்குகளைச் சோதிப்பது. எவரும் தொட்டுவிடாமல் இருக்கச் சாவியோ கடவுச்சொல்லோ உண்டு. ஒழுங்கு இதுதான்: ஒப்புக்கொள்ள வேண்டும், இடத்தைப் படிக்க வேண்டும், அங்கே போய்ப் பார்க்க வேண்டும், அதன் பிறகே ரீசெட். பழக்கத்தில் இது தலைகீழாவதே அதிகம். ஒலி தொந்தரவு என்று முதலில் நிறுத்துகிறார்கள். உடனே ரீசெட் செய்கிறார்கள். திரையில் இருந்த இடப்பெயர் மறைந்துவிடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் மடலைப் பாராமலே மேலே தள்ளியிருந்தால் எப்படியோ, அப்படி.

விளக்கு எதைச் சொல்கிறது என்று அதைப் பார்ப்பவர் அறிந்திருக்க வேண்டும் என்பதை அணுமின் துறை விலைகொடுத்துக் கற்றது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து தொடங்கிய முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருங்கே எழுந்தன. முக்கியமானது எது, துணையானது எது என்று பிரித்தறியக் கட்டுப்பாட்டு அறையினருக்கு வழி இல்லை. திறந்தே சிக்கிக்கொண்ட ஒரு வால்வு மூடியிருப்பதாக அவர்கள் நம்பினர். காரணம், அதற்கான விளக்கு வால்வின் உண்மையான நிலையைக் காட்டவில்லை; மூடுவதற்கான மின்கட்டளை போயிற்று என்பதை மட்டுமே காட்டியது. அறிவிப்புகள் மிகுதியாக வந்தும் அறிவு கிட்டாமல் போன நிகழ்ச்சி அது.

தீ எச்சரிக்கையில் இதற்கு இணையான நிகழ்ச்சி பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 15 அன்று நடந்தது. அங்கு மிக விரிவான கண்டறியும் அமைப்பு இருந்தது. கருவி தீயை உணர்ந்தது; பேனலில் செய்தியும் வந்தது. ஆனால் அச்செய்தி ஒரு நீண்ட குறியீடும் பொதுவான இடப்பெயருமாக இருந்தது. பேனலின் முன் இருந்த பணியாளர் அவ்வேலைக்குப் புதியவர். அவர் சொல்ல, காவலர் பக்கத்தில் இருந்த துணைக்கட்டடத்தின் பரணைப் போய்ப் பார்த்தார். அங்கே தீ இல்லை. எரிந்துகொண்டிருந்தது பெருங்கோயிலின் பரண். தவறு தெரிந்து செங்குத்தான படிகளில் ஏறி உரிய இடத்தை அடைந்தபோது ஏறத்தாழ அரைமணி நேரம் போயிருந்தது. பல நூற்றாண்டு பழைமையான ஓக் மர விதானம் காக்கும் நிலையைக் கடந்துவிட்டது. யார் தவறாகப் படித்தார், யார் தவறாகச் சொன்னார் என்பதில் பின்னர் சம்பந்தப்பட்டவர்கள் ஒருவரையொருவர் குற்றம் சாட்டினர். வரலாற்று மாணவர்களுக்கு இதில் உள்ள பாடம் வேறு. உணர்கருவிக்கும் தீயணைப்பு வீரருக்கும் இடையில் ஒரு வாசகம் நிற்கிறது. அந்த வாசகத்தை எழுதியவர் எவரும் அதை இரவில், தனியாக, முதன்முறையாகப் படிக்கப்போகிறவரை எண்ணி எழுதவில்லை.

இந்தியாவில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறையில் ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் வெடித்ததில் 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். அந்நாளையே தேசியத் தீயணைப்புச் சேவை நாளாக ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். வெடிபொருள் ஏற்றிய கப்பல் என்பதை அறிவிக்கும் சிவப்புக்கொடி அக்கப்பலில் ஏற்றப்பட்டிருக்கவில்லை. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே இருப்பதைச் சொல்லும் அடையாளம் என்ற பொருளில், அந்தக் கொடியும் ஓர் அறிவிப்பானே.

1997 ஜூன் 13 அன்று தில்லி உபஹார் திரையரங்கில் தரைத்தள வாகன நிறுத்தத்தில் இருந்த மின்மாற்றி தீப்பற்றியது. புகை படிக்கட்டு வழியாக ஏறியபோது மேலே பால்கனியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பும் வரவில்லை. 59 பேர் இறந்தனர். கீழ்த்தளத்தில் இருந்தோர் அறிந்தது மேல்தளத்தை அடையவில்லை. டிரையாங்கிளின் ஒன்பதாம் தளம் மீண்டும் நிகழ்ந்தது. 2011 டிசம்பர் 9 அதிகாலை கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனைத் தீயில் ஏறத்தாழ 90 பேர் உயிரிழந்தனர்; பெரும்பாலோர் எழுந்து நடக்க இயலாத நோயாளிகள். அடித்தளத்தில் தொடங்கிய புகை குளிர்சாதனக் குழாய்கள் வழியாக மேல்தளங்களுக்குப் பரவியது. அக்கம்பக்கத்துக் குடிசைப்பகுதி மக்கள் புகையை முதலில் உணர்ந்து ஓடி வந்ததையும், காவலர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பியதையும் அன்றைய செய்திகள் பதிவுசெய்தன. கேரளத்தைச் சேர்ந்த இரு இளம் செவிலியர் நோயாளிகளைக் காப்பாற்றிவிட்டுத் தாங்கள் உயிரிழந்தனர். தங்கள் கட்டடத்தின் அடியில் என்ன நடக்கிறது என்பது அத்தகைய செவிலியருக்குச் சில நிமிடங்கள் முன்னதாகத் தெரிந்திருந்தால் என்று எண்ணிப் பார்க்காமல் அந்நிகழ்ச்சியைக் கடக்க முடியவில்லை.

சட்டமும் தரவரையறையும் நம்மிடம் இல்லாமல் இல்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் முதலில் வெளிவந்து, 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. அதன் நான்காம் பகுதி தீப்பாதுகாப்புக்கானது. தீக் கட்டுப்பாட்டு மையம் நுழைவுத் தளத்தில், நேரடியாக அணுகும்படி இருக்க வேண்டும் என்றும், முதன்மை எச்சரிக்கைப் பேனலும் தளங்களோடு பேசும் வசதியும் அங்கே இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. கண்டறியும் அமைப்புகளுக்கு ஐ.எஸ்.2189 என்ற இந்தியத் தரவரையறை தனியாக உண்டு. ஆனால் தீயணைப்புச் சேவை அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணைப்படி நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பொறுப்பு. கட்டட விதித்தொகுப்போ பரிந்துரை நிலையில் உள்ளது. மாநில விதிகளில் ஏற்கப்பட்டால்தான் அது கட்டாயமாகும். ஆகவே ஒரே நாட்டில், ஒரே உயரமுள்ள இரு கட்டடங்களில், அறிவிப்பான் எங்கே இருக்கிறது என்பது வேறுபடுகிறது.

விதிகள் தொடாத இன்னொன்றும் உண்டு. இரவு பதினொரு மணிக்குப் பின் அறிவிப்பானின் முன் இருப்பவர் பொறியாளர் அல்லர். பெரும்பாலும் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்ட காவலர். வேறு மாநிலத்திலிருந்து வந்தவராக இருக்கலாம். சென்ற வாரம் வேலைக்குச் சேர்ந்தவராக இருக்கலாம். திரையோ ஆங்கிலத்தில், சுருக்கெழுத்துகளில், அமைப்பை நிறுவியவருக்கு மட்டும் விளங்கும் எண்களில் பேசுகிறது. சுற்று இரண்டு, முகவரி நாற்பத்தேழு என்பது ஓர் இடத்தின் பெயர் ஆகாது. இரண்டாம் தளம், கிழக்கு நூலக அடுக்கு, படிக்கட்டை அடுத்த அறை என்பதுதான் இடத்தின் பெயர். முகவரியோடு சேர்த்து இடப்பெயரை எழுதும் வசதி முகவரி முறையிலான பேனல்களில் இருக்கிறது. அதை நிரப்பும் உழைப்பு மலிவானது, செய்யப்படுவதோ அரிது. கட்டடத்தின் உள்ளமைப்பு மாறும்போது பழைய பெயரைத் திருத்துவது அதைவிட அரிது. மொழிக்கொள்கை பற்றிப் பல்கலைக்கழகங்களில் நாம் நிகழ்த்தும் விவாதங்கள் பாடநூலோடும் பெயர்ப்பலகையோடும் நின்றுவிடுகின்றன. உயிரைக் காக்கும் ஒருவரி வாசகம் யாருடைய மொழியில் இருக்க வேண்டும் என்பதும் மொழிக்கொள்கைதான்.

பாஸ்டனின் தந்தி அலுவலகத்தில் குறியைப் படித்தவர் பயிற்சி பெற்றவர்; அவர் படிப்பதற்காகவே அங்கு அமர்த்தப்பட்டார். விடுதியின் மடலைப் பார்த்த பணியாளருக்கு ஒவ்வோர் அறையும் தெரியும். அதன் பின் உணரும் கருவி நுட்பமானது, கம்பி மெலிந்தது, தொலைவு பொருட்டில்லாமல் போனது. படிப்பவரின் நிலை மட்டும் தாழ்ந்துகொண்டே வந்தது: குறைந்த கூலி, குறைந்த பயிற்சி, கட்டடத்தோடு குறைந்த பழக்கம். இந்த நூற்றெழுபது ஆண்டு வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவு இதுதான். விபத்துக்குப் பின் அமைக்கப்படும் விசாரணைகள் கருவி இருந்ததா, வேலை செய்ததா என்று கேட்கின்றன. அது யாரை நோக்கிப் பேசியது, அவருக்கு அது புரிந்ததா, புரிந்தால் தன் பொறுப்பில் மணியடிக்க அவருக்கு அதிகாரம் இருந்ததா என்றும் கேட்டாக வேண்டும்.

ஆய்வாளர்களும் மாணவர்களுமான நாம் பெரும்பொழுதைக் கழிப்பது நூலகங்களிலும் ஆவணக்காப்பகங்களிலும் விடுதிகளிலும் ஆய்வகங்களிலும். எல்லாமே காகிதமும் மரமும் வேதிப்பொருளும் நிறைந்த இடங்கள். நாளை அங்கே போகும்போது சிலவற்றைப் பார்த்துவரலாம். எச்சரிக்கைப் பேனல் எங்கே இருக்கிறது? அதன் செய்தியைத் திருப்பிக் காட்டும் அறிவிப்பான் ஆள் இருக்கும் இடத்தில் உள்ளதா, பூட்டிய அறைக்குள் உள்ளதா? மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறதா, எத்தனை நாளாக? அருகில் இருக்கும் காவலரிடம், இந்த விளக்கு சிவப்பானால் என்ன செய்வீர்கள் அண்ணா என்று கேட்டுப் பார்க்கலாம். அவர் சொல்லும் விடையே அந்தக் கட்டடத்தின் உண்மையான தீப்பாதுகாப்பு அறிக்கை. அதை எழுத்தில் நிர்வாகத்துக்குத் தந்து, இடப்பெயர்களை அவர் படிக்கும் மொழியில் எழுதிப் பேனலருகே ஒட்டச் சொல்வதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. தளவாரியான ஒரு வரைபடமும், ஒரு மாலை நேரப் பயிற்சியும் போதும்.